தெற்கே நகர்ந்த சமநிலை

இரசாயனவியல் பரீட்சை முடிந்து கோகிலா சிரித்த முகத்தோடு வெளியே வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். இரண்டு தடவையும் தலை குனிந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

1998 ஆகஸ்ட். மாவனல்லைப் பாடசாலை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெரணியகலைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி அவள் வந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தபோது கோழி கூவியிருக்கவில்லை. பால்வெட்டும் வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லியிருந்தாள். களைப்பு இருந்தது. ஆனால் அறுபது பல்தேர்வுக் கேள்விக்கும் விடை போட்டாயிற்று. சமநிலைப் பாடத்தில் வந்த ஒரு கேள்வியைக்கூட இந்தத் தடவை அவள் விட்டுவிடவில்லை.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இரசாயனவியலில் ஒரு எஸ். சாதாரணச் சித்தி. தாவரவியல், விலங்கியல், பௌதிகவியல் மூன்றும் இரண்டு தடவையும் சித்தி. இரசாயனவியல் மட்டும் எஃப். நாலும் ஒரே தடவையில் சித்தியானால் தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பால்வெட்டும் கத்திதான். நாலாவது தடவை எழுதச் சட்டம் இடம் கொடுத்தாலும் உடம்பு இடம் கொடுக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"பதினேழாவதுக்கு எத்தினை போட்டீங்க?" பின்னால் ஸபியா ஓடிவந்தாள். மாவனல்லைப் பெண். அவளும் தனிப்பட்ட பரீட்சார்த்தி. போன வருடம் அடுத்த மேசையில் இருந்து பழக்கம்.

"ரெண்டு."

"ரெண்டா? அது இடப்பக்கம் நகரும் எண்ட விடையல்லவா? அமோனியா உண்டாக்கிற தாக்கம். அமுக்கத்தைக் கூட்டினா வலப்பக்கம்தானே வரும்?"

"அமுக்கத்தைக் கூட்டினா தெற்காலதான் போகும்."

"எங்க?"

"தெற்கால."

ஸபியா வாய்விட்டுச் சிரித்தாள். "தெற்கு எண்டா? மாத்தறைக்கா போகும்? எந்த பஸ்ஸில?"

கோகிலாவும் சிரித்துவிட்டுப் பையிலிருந்து கொப்பியை எடுத்துக் காட்டினாள். 'அமுக்கம் கூடும்போது சமநிலை தெற்கு நோக்கி நகரும்' என்று கோணல் எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்த பக்கத்தில் மூன்று.

"யாரு எழுதின இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் படிப்பிக்கிற சேரா?"

"தம்பையா முதலாளி கடையில மூட்டை தூக்குறாரு. ஆனா சிங்களம் நல்லா வாசிப்பாரு. முதலாளி மக கேஷானி சிங்களத்தில படிச்சு கம்பஸ் போயிருச்சு. அதோட டியூஷன் கொப்பிய வாங்கி எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்தாரு."

ஸபியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "சிங்களக் கொப்பியில 'தக்குணட்ட' எண்டு ஈந்திச்சா?"

"இருக்கும்."

"அல்லாஹ்வே. கோகிலா, தக்குண எண்டா தெற்குந்தான். வலதும் அதுதான்."

கோகிலாவின் தோளிலிருந்து பை வழுக்கி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

தெற்கு என்ற சொல்லை முதலில் பார்த்தபோது அவளுக்கும் புரியவில்லைதான். கணவனைக் கேட்கலாம் என்று நினைத்த நேரமெல்லாம் அவன் உறங்கிக்கொண்டிருந்தான். ஆகவே தானே ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள். மீளும் தாக்கத்துக்கு, அதாவது முன்னும் பின்னும் நடக்கும் இரசாயன மாற்றத்துக்கு, இரண்டு அம்புக்குறி போடுவார்கள். மேலே உள்ளது வலப்பக்கம் பார்க்கும். கீழே உள்ளது இடப்பக்கம் பார்க்கும். தேசப்படத்தில் தெற்கு கீழே. அப்படியானால் தெற்கு என்பது கீழ் அம்பு. கீழ் அம்பு என்றால் இடப்பக்கம். கொப்பியில் சில இடத்தில் 'இடது' என்றே எழுதியிருந்தது. ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சூடாக்கினால் இடப்பக்கம். அமுக்கினால் இடப்பக்கம். எடுத்தால் இடப்பக்கம், சேர்த்தால் இடப்பக்கம். எல்லாமே பின்னுக்கு.

வினாத்தாளை வைத்துக்கொண்டு இருவரும் பாடசாலை மதிலடியில் குந்திப் பார்த்தார்கள். ஆறு கேள்வி பிழை.

"வெள்ளிக்கிழமை ரெண்டாம் பேப்பர் ஈக்கிதே. இண்டைக்குச் செவ்வாய்தானே?" என்றாள் ஸபியா. ஆறுதலாகச் சொல்ல அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

கோகிலா கேகாலை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். அங்கிருந்து அவிசாவளைப் பக்கம் போகும் பஸ்ஸில் பாதித் தூரம் நின்றாள். மூன்றாவது பஸ்ஸிலிருந்து தெரணியகலையில் இறங்கும்போது பின்னேரம் நாலு மணி. கடைத்தெருவில் தம்பையாவின் பலசரக்குக் கடைக்கு முன்னால் ஒரு லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நின்று அவள் கணவன் உதயராஜ் கையை வீசிக் கத்தினான்.

"தக்குணட்ட! தக்குணட்ட! தவ பொட்டக் தக்குணட்ட! ஹரி... ஹரி!"

லொறி இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக ஒடிந்து மெதுவாக வந்து கடை வாசலில் சரியாக நின்றது.

கோகிலா தெருவின் மறுபக்கம் நின்று அதைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாலு லொறி வரும். ஏழு வருடமாக இந்தக் கடையில் இருக்கிறான். எத்தனை தடவை இந்தச் சொல்லைக் கத்தியிருப்பான் என்று கணக்குப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவன் அவளைக் கண்டுவிட்டான். தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எப்படிப் போச்சு?"

"இப்ப அந்த டிரைவருக்கு என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? தக்குணட்டன்னு சொன்னேன்."

"அப்படின்னா?"

"வலப்பக்கம் ஒடிக்கச் சொல்றது. ஏன், உனக்குத் தெரியாதா?"

அவள் கொப்பியைப் பிரித்துக் கொடுத்தாள். தன் கையெழுத்தை அவன் தானே வாசித்தான். ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். லொறிக்காரன் "மல்லி, பான்ன எனவத?" என்று மூட்டை இறக்கக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

"காந்தப் பாடம்..." என்றான் கடைசியில். "மொதல்ல அந்த பௌதிகக் கொப்பியத்தானே எழுதினேன். அதுல உத்துரு, தக்குணுன்னு வந்துச்சு. வடக்கு, தெற்குன்னு பக்கம் பக்கமா எழுதினேன். கை அதுலயே போயிருச்சு போல."

"கேட்டிருக்கலாமே யாரையாவது."

"யாரைக் கேக்க? மத்தியானம் முதலாளி கண்ணசரும்போது மூட்டை மேல உக்காந்து எழுதினது. பாதி எழுத்து முழிச்சு எழுதினேன், பாதி தூங்கிக்கிட்டு எழுதினேன்." கொப்பியை மூடினான். மாவு ஒட்டிய விரல் அதன் அட்டையில் பதிந்தது. "எத்தனை போச்சு?"

"மூணு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் லொறியைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து தம்பையா சத்தம் போட்டார். "ஏம்ப்பா உதயராஜ், லொறி வந்ததும் குடும்பக் கதையா? மூட்டை தானா நடந்து உள்ள வருமா?"

"நாளைக்கும் நாளான்னைக்கும் மத்தியானத்தோட போகணும் மொதலாளி."

"எதுக்கு?"

"தப்பு ஒண்ணு திருத்தணும்."

தம்பையா மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இருவரையும் பார்த்தார். என்ன தப்பு என்று கேட்கவில்லை. "மாவு லொறிய இறக்கிட்டுப் போ," என்றார்.

மறுநாள் காலை கோகிலா வழக்கம்போல வேலைக்குப் போனாள். தொடர்ந்து இரண்டு நாள் லீவு கொடுக்கக் கங்காணி இருளப்பன் சம்மதிக்கவில்லை. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டினாள். பத்து மணிக்குச் சிரட்டைகளிலிருந்து பாலைச் சேர்த்து வாளியில் ஊற்றினாள். பால் கட்டியாகிவிடாமல் இருக்க அமோனியாத் தண்ணீர் கலந்தாள். ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு லயத்து வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு.

மாமியார் மருதாயி வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்கு வந்திருந்தது. "மூணு தடவ ஊதியும் பத்தலேன்னா அடுப்பக் குத்தம் சொல்லக்கூடாது. வெறகு ஈரம்," என்றாள்.

"வெறகு காஞ்சதுதான். நான்தான் தண்ணி ஊத்திட்டேன்," என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான் உதயராஜ். கையில் கேஷானியின் சிங்களக் கொப்பி.

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் பாய் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் பேனையை எடுத்து, தமிழ்க் கொப்பியில் 'தெற்கு' என்று இருந்த இடத்தையெல்லாம் வெட்டி 'வலது' என்று எழுதத் தொடங்கினான். நாலு இடம் வெட்டியிருப்பான். அவள் கொப்பியைப் பிடுங்கினாள்.

"வேணாம்."

"ஏன்? திருத்தத்தானே வந்தேன்?"

"நீங்க தெற்குன்னீங்க, தெற்குன்னு பாடமாக்கினேன். இப்ப வலதுன்னு சொல்றீங்க, அதையும் பாடமாக்கவா? இன்னொரு எடத்துல தூங்கியிருந்தீங்கன்னா?"

அவன் பேனையை மூடிவைத்தான்.

"ஒண்ணு செய்ங்க. சிங்களக் கொப்பியப் பாத்து, தாக்கம் என்ன, அதுக்கு என்ன செஞ்சாங்க, அத மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம் போகும்னு சொல்லாதீங்க. நான் சொல்றேன். அதுக்கப்புறம் பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தத்துவம் ஒண்ணுதானே. ஒரு மாற்றம் வந்தா அந்த மாற்றத்தைக் குறைக்கிற பக்கம் நகரும். அதையாச்சும் ஒழுங்கா எழுதியிருக்கீங்களா?"

அவன் சிங்கள வரியை விரல் வைத்து வாசித்தான். "ஆமா. குறைக்கிற பக்கம். அடு கரண."

"சரி, கேளுங்க."

முதல் கேள்விக்கு அவளுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. நைதரசன் ஒரு பங்கு, ஐதரசன் மூன்று பங்கு. சேர்ந்தால் அமோனியா இரண்டு பங்கு. நாலு இரண்டாகிறது. அமுக்கினால் இடம் குறைகிறது. நெருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் ஆள் குறைய வேண்டும். "ரெண்டு பேர் இருக்கிற பக்கம். அமோனியாப் பக்கம். வலது."

உதயராஜ் பார்த்தான். "தக்குணட்ட."

"அடுத்தது."

"சூடாக்குறாங்க. இது சூடு வெளியே விடுற தாக்கம்னு போட்டிருக்கு."

அவள் யோசித்தாள். ஸ்டோர் முற்றத்தில் அமோனியாத் தண்ணீர் டிரம்கள் நிற்கும். காலையில் திறந்தால் சும்மா இருக்கும். வெயில் ஏறின பிறகு திறந்தால் முகத்தில் அடித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அமோனியா தண்ணீரில் கரையும்போது சூட்டை விடுகிறது. வெயில் சூட்டைக் கொடுக்கிறது. கொடுத்த சூட்டைத் தின்ன வேண்டுமானால் வந்த வழியே திரும்ப வேண்டும். தண்ணீரை விட்டு வாயுவாகக் கிளம்ப வேண்டும். ஒன்பது வருடமாக அந்த டிரம்மைத் திறந்து மூக்கைப் பொத்தியிருக்கிறாள். அது சமநிலை என்று இதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதுவும் அந்த மாதிரிதான். "சூடு விடுற தாக்கத்தைச் சூடாக்கினா பின்னுக்குப் போகும். இடது."

"வமட்ட. சரி."

எட்டுக் கேள்வியில் ஏழு சரி. பிழைத்தது ஊக்கி பற்றியது. ஊக்கி போட்டால் எந்தப் பக்கமும் நகராது, சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான் என்று கொப்பி சொன்னது.

"அப்ப இந்தச் சமநிலை நம்ம அம்மா மாதிரி," என்றான் உதயராஜ். "நாம எதக் கூட்டினாலும் அதக் கொறைக்கிறதுலயே நிக்கும்."

"என்னடா அங்க என் பேரு?" வாசலில் இருந்து மருதாயி.

"ஒண்ணுமில்லம்மா. பாடம்."

அன்றைக்கு முதல் தடவையாகக் கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னும் களைத்துப் போனாள்.

அவன் கொப்பியைப் புரட்டிக்கொண்டே இருந்தான். "ஆறுதானே?" என்றான் திடீரென்று.

"என்ன ஆறு?"

"மூணுன்னு சொன்னியே. உன் வினாத்தாளப் பாத்தேன். அடையாளம் போட்டிருக்க."

அவள் வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கொப்பி முழுக்க எல்லாம் பின்னுக்குத்தான் போகுதுன்னு விளங்கிக்கிட்டியே. என்ன செஞ்சாலும் பின்னுக்கு. ஒனக்கு ஒரு தடவகூட சந்தேகம் வரலியா?"

"வரல."

"ஏன்?"

"அது சரியாத்தான் இருக்கும்னு தோணிச்சு."

அவன் சிங்களக் கொப்பியில் அடுத்த கேள்வியைத் தேடி எடுத்தான்.

வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. மாவு லொறியை இறக்கிவிட்டு வந்த உதயராஜ் பதினோராவது கேள்வியில் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டான். கோகிலா அவன் மடியிலிருந்த கொப்பியை எடுத்து, தாக்கங்களில் இருந்த எழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்துத் தனியாகச் செய்தாள். சிங்களம் தெரியாமலே அந்தப் பக்கங்களை வாசிக்க முடிந்தது. விடை இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். 'தக்குணட்ட' என்ற சொல்லின் உருவம் அவளுக்கு இப்போது அடையாளம் தெரியும். வலது, வலது, இடது, வலது. சரி பார்த்தாள். பார்த்த மட்டும் சரியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மூன்று பஸ். பரீட்சை மண்டபத்தில் ஸபியா தூரத்திலிருந்து தலையாட்டினாள். வினாத்தாள் கொடுத்தார்கள். நாலாவது வினா சமநிலை.

அதில் அமோனியா இல்லை. அவள் செய்து பார்த்த எதுவும் இல்லை. குரோமேற்றுக் கரைசல் மஞ்சள் நிறம். அதற்கு அமிலம் சேர்த்தால் இருகுரோமேற்றாகிச் செம்மஞ்சள் நிறம் வரும். இப்போது அதற்குக் காரம் சேர்த்தால் என்ன நடக்கும் என்று எதிர்வுகூறுக, காரணம் தருக. அந்தக் கரைசலை அவள் கண்ணால் கண்டதில்லை. ஹட்டனில் படித்த காலத்தில் இரசாயனவியல் ஆசிரியர் பாதி வருடத்தில் மாற்றமாகிப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆய்வுகூடக் கதவு பூட்டியே கிடந்தது.

சமன்பாட்டை எழுதினாள். இடப்பக்கம் குரோமேற்று, ஐதரசன் அயன். வலப்பக்கம் இருகுரோமேற்று, தண்ணீர். காரம் வந்து ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்டு போகும். ஐதரசன் அயன் குறையும். குறைந்ததை ஈடுகட்ட வேண்டும். அது எந்தப் பக்கம் உண்டாகிறது?

இடப்பக்கம்.

பேனை நின்றுவிட்டது.

இடப்பக்கம். செவ்வாய்க்கிழமை ஆறு கேள்வியைத் தின்ற அதே சொல். இரண்டு நாளாக அவள் மனதுக்குள் அழித்து அழித்துத் திருத்தியது எல்லாம் இந்தச் சொல்லைத்தான். பழைய பிழைதான் மறுபடி கையில் வருகிறதோ? வலது என்று எழுதிவிடலாம் போல இருந்தது. வலது என்று எழுதினால் மனசுக்காவது கொஞ்சம் நிம்மதி.

மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னும் பதினைந்து நிமிஷம்."

கேட்க இங்கே யாரும் இல்லை. பார்த்துச் சரி பிடிக்கச் சிங்களக் கொப்பியும் இல்லை. கோகிலா புதிய வரியில் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். காரம் எதைக் குறைத்தது? ஐதரசன் அயனை. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இடப்பக்கத்தில். அதை உண்டாக்க எது உடைய வேண்டும்? வலப்பக்கத்தில் இருப்பது. உடைந்தால் எங்கே வரும்? இடப்பக்கத்தில். மூன்றாவது தடவையும் செய்தாள். மூன்று தடவையும் அங்கேதான் வந்து நின்றது.

'சமநிலை இடப்பக்கம் நகரும். கரைசல் மீண்டும் மஞ்சள் நிறமாகும்' என்று எழுதினாள். காரணத்தை ஐந்து வரியில் எழுதினாள்.

வெளியே வந்ததும் ஸபியா கேட்டாள். "நாலாவதுக்கு?"

"மஞ்சள்."

"எனக்கும் மஞ்சள்தான்." ஸபியா அவளைக் கட்டிப்பிடித்தாள். கோகிலாவுக்குத் திருப்பிக் கட்டிப்பிடிக்கக் கை எழவில்லை.

பெறுபேறு டிசம்பரில் தோட்ட ஒபிசுக்கு வந்தது. பால் ஊற்றிவிட்டு வரும் வழியில் கிளாக்கர் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். கோகிலா வாளியைக் கீழே வைத்துவிட்டு, றப்பர்ப் பால் காய்ந்த விரலால் உறையைக் கிழித்தாள். தாவரவியல் ஸி. விலங்கியல் எஸ். பௌதிகவியல் எஸ். இரசாயனவியல் எஸ்.

நாலு வரியையும் இரண்டு தடவை வாசித்தாள். கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் கடைத்தெருவுக்கு இறங்கி நடந்தாள்.

உதயராஜ் பருப்பு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்து அவனால் ஒன்றையும் அறிய முடியவில்லை. "என்ன போட்டிருக்கு?"

"எஸ்."

"எஸ்னா... பாஸ்தானே?"

"பாஸ்தான்."

அவன் கோணியூசியைப் பக்கத்து மூட்டையில் குத்தி வைத்துவிட்டுப் பருப்பு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டான். தம்பையா ஒரு சீனிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து, "வீட்டுக்குக் கொண்டு போ," என்றார். பிறகு, "விண்ணப்பம் எப்ப போடணும்?" என்று கேட்டார்.

"ஜனவரி கடைசி."

"நியமனம் எப்ப வரும்?"

"தெரியாது மொதலாளி. ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாமாம்."

லயத்துக்கு வந்தபோது மருதாயி கடிதத்தை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாத கண்ணால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு வேலைக்குப் போகமாட்டியா?"

"போகணும் அத்தை. கடிதம் வர்ற வரைக்கும் போகத்தான் வேணும்."

"அப்ப கஞ்சி குடிச்சிட்டுப் படு. கொப்பிய எடுக்காத."

எடுக்க இனிமேல் கொப்பி ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் கோகிலாவுக்கு உறைத்தது. கஞ்சியைக் குடித்தாள். காலைக் கழுவிவிட்டு வந்து, வெயில் இன்னும் தகரக் கூரையில் இருக்கும்போதே பாயில் நீட்டிப் படுத்தாள். பக்கத்துக் காம்பிராவில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். மருதாயி எழுந்து போய், "மெதுவா வையிங்கடி, டீச்சர் தூங்குறா," என்று அதட்டுவது அரைத் தூக்கத்தில் அவளுக்குக் கேட்டது.